தலை மடக்காத கம்பி

"முதலாளி சொல்லிட்டாரு. புள்ளைங்க வருது. நீங்கதான் விளக்கணும்" என்றார் சூப்பர்வைசர்.

"நானா?" பெரியக்கா மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு மெஷின்கிட்டதான் பேசத் தெரியும்."

"அதுகிட்டப் பேசுற மாதிரியே பேசுங்க. கெட்ட வார்த்தையை மட்டும் கழிச்சுக்குங்க."

அது கம்பி வேலி பின்னுகிற பட்டறை. தகரக் கூரை, மூன்று மெஷின்கள். அவற்றில் ஒன்று செத்து வெகுநாளாயிற்று. மற்ற இரண்டும் அதன் உதிரி பாகங்களைத் தின்று உயிர் வாழ்ந்துகொண்டிருந்தன. பெரியக்காவிடம் அங்கே வயதில் மூத்தவர்கள்கூட 'அக்கா' போட்டுத்தான் பேசுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியை வளர்த்தாள், மெஷினை ஓட்டினாள். இரண்டிலும் அவளுக்குப் பெருமை உண்டு.

பள்ளிக்கூட வேன் வந்து நின்றது. டீச்சர் முன்னால் இறங்க, பின்னால் சின்னஞ்சிறுசுகள் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தன. முதல் வகுப்பு. பாதிக்கு முன்பல் இல்லை.

பெரியக்கா தொண்டையைக் கனைத்தாள். வெள்ளிக் கம்பி ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இது என்ன?"

"கம்பீஈ!"

"எங்கேருந்து வந்துச்சு?"

"கடையிலேருந்தூ!"

"கடைக்கு முன்னாடி?"

பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டன. பெரியக்காவுக்குத் தெம்பு வந்தது.

"பெரிய ஆலையில விரல் தண்டிக்கு ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதை ஒரு சின்ன ஓட்டைக்குள்ள விட்டு இழுப்பாங்க. அப்புறம் அதைவிடச் சின்ன ஓட்டை. இழுக்க இழுக்க மெலிசாகிக்கிட்டே, நீளமாகிக்கிட்டே போகும்."

"சாப்பிடாம இருந்தா மெலிவோமே, அந்த மாதிரியா?" என்றான் ஒரு குண்டுப் பையன், உண்மையான கவலையோடு.

"இல்லடா. காலையில எழுந்திருக்கலைன்னா அம்மா காதைப் பிடிச்சு இழுப்பாங்களே, அந்த மாதிரி. அப்புறம் உருகின துத்தநாகத்துல ஒரு முக்கு. அதான் இந்தப் பளபளப்பு. கம்பிக்கு மழைக்கோட்டு. இது இருந்தா சீக்கிரம் துரு பிடிக்காது."

மெஷினுக்கு அந்தப் பக்கம் கம்பிச் சுருள் ஒரு தட்டில் உட்கார்ந்து ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை அங்கே நிறுத்தி, கை நீட்டாமல் இருக்க எல்லோரையும் கைகட்டச் சொன்னாள்.

"உள்ளே ஒரு தட்டையான இரும்புப் பட்டை சுத்துது. உங்க ஸ்கேல் மாதிரி. ஸ்கேல்ல நூலைச் சுத்திட்டு ஸ்கேலை உருவிட்டா நூல் எப்படி இருக்கும்?"

"தொளதொளன்னு!"

"நூல் தொய்ஞ்சுடும். கம்பி தொய்யாது. எப்படி மடிச்சோமோ அப்படியே விறைப்பா நிக்கும். பாருங்க, வருது."

மெஷினின் வாயிலிருந்து கம்பி வந்தது. நேராகப் போனது வளைந்து வளைந்து, கோணலும் மாணலுமாக, சுழன்றுகொண்டே வந்தது. பிள்ளைகள் ஒரு அடி பின்வாங்கின. பாம்பு என்றது ஒன்று. முறுக்குக் கம்பி என்றது இன்னொன்று.

"முதல் கம்பி ஏற்கெனவே இங்க தயாரா இருக்கு. இப்ப வர்றது ரெண்டாவது. பாட்டில் மூடியைத் திருகுவோமே, அப்படித் திருகிக்கிட்டே வருது. வரும்போது முதல் கம்பியோட ஒவ்வொரு மடிப்புக்குள்ளேயும் நுழைஞ்சு, நுழைஞ்சு, கடைசி வரைக்கும் போயிடும். அப்புறம்..."

'நறுக்' என்று வெட்டுக்கத்தி இறங்கியது. குண்டுப் பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அவ்வளவுதான். ஒரு வரிசை முடிஞ்சுது. நடுவுல பட்டம் மாதிரி ஓட்டை தெரியுதா? அடுத்த கம்பி, அதுக்கடுத்த கம்பி, இப்படியே போனா வேலி."

அப்போதுதான் டீச்சரின் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நீல ஸ்வெட்டர் போட்ட ஒல்லிப் பெண்.

"ஏன் பசை போட்டு ஒட்டல?"

மற்ற பிள்ளைகள் 'ஆ' என்று அலுத்துக்கொண்டன. டீச்சர் சிரித்தாள். "இவளுக்கு வீட்டுல வெச்ச பேரு வேற. கிளாஸ்ல இவ பேரு ஏன்பாப்பா. இன்னிக்கு நீங்க மாட்டினீங்க."

பெரியக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் முழங்கையில் இன்னொருவர் முழங்கையைக் கோக்கச் சொன்னாள். வரிசையைப் பிடித்து ஆட்டினாள். எல்லாம் ஒன்றாக ஆடின, ஒன்றும் விழவில்லை.

"பசையா இருக்கு உங்களுக்கு நடுவுல? கோத்திருக்கீங்க, அதான் பிரியல. வேலியும் அப்படித்தான். ஆனா ஒண்ணு. நுனியை இப்படி மடக்கணும்." குறட்டால் ஒரு கம்பியின் தலையைப் பிடித்து அடுத்த கம்பியின் தலையோடு கொக்கி போட்டாள். "மேலேயும் மடக்கணும், கீழேயும் மடக்கணும். அப்பதான் ஒருத்தன் கையை இன்னொருத்தன் விடமாட்டான்."

"ஏன்? மடக்கலைன்னா?"

"திருகிக் கழட்டிடலாம்."

ஏன்பாப்பா யோசித்தாள். புருவம் இரண்டும் சேர்ந்துகொண்டன.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி இதே வேலி இருக்கு. அதுல ஒரு கம்பி மட்டும் தலை மடக்காம நிக்குது. ஏன்?"

"அது ஒட்டுக்கம்பியா இருக்கும் கண்ணு. ரெண்டு வேலிச் சுருளைச் சேர்க்கறதுக்கு நடுவுல ஒரு கம்பியைத் திருகுவோம். எவனோ சோம்பேறி, மடக்காம போயிட்டான்."

"அதைத் திருகினா வருமா?"

இங்கேதான் பெரியக்கா வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ வருஷமாக அவளுடைய வேலையைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. தரையில் கிடந்த துண்டு வேலியை நிமிர்த்திப் பிடித்தாள். நடுவிலிருந்த ஒரு கம்பியைக் கீழ்ப்பக்கம் பிடித்துத் திருகினாள். கம்பி மெல்ல மெல்ல மேலே ஏறியது. கீழேயிருந்து வேலி இரண்டாகப் பிளந்தது, திரைச்சீலை விலகுகிற மாதிரி.

பிள்ளைகள் வாயைப் பிளந்தன.

"அவ்வளவு பெரிய வேலியும் ஒரே ஒரு கம்பியிலதான் இருக்கு. ஆனா கழட்டினா திரும்பத் திருகி மூடிடணும். திறந்து கிடந்தா அது வேலியே இல்ல."

எல்லாப் பிள்ளைகளும் கைதட்டின. ஏன்பாப்பா மட்டும் தட்டவில்லை. அவள் கைகள் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தன.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. பட்டறைக்கு லீவு கிடையாது.

பெரியக்கா புதுச் சுருளை ஏற்றி மெஷினைக் கிளப்பியிருந்தாள். சூப்பர்வைசர் அலுவலக அறையிலிருந்து கையை ஆட்டினார். போன் என்று சைகை. அவளுக்குப் பட்டறை எண்ணுக்கு யாரும் போன் செய்ததில்லை. மேல்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே போனாள்.

டீச்சர். குரல் நேற்றுப் போல் இல்லை.

"அம்மா, நேத்து ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தாளே, அந்தப் பொண்ணு அங்க வந்தாளா?"

"இங்கயா? இல்லையே. ஏன் டீச்சர்?"

"காலையிலேருந்து காணோம். ராத்திரி தூங்கற வரைக்கும் உங்க மெஷினைப் பத்தியே பேசினாளாம். அதான் உங்களைத் தேடி வந்துட்டாளோன்னு அவ அம்மா..." டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

பெரியக்கா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அவங்க வீட்டுக்குப் பின்னாடி வேலி இருக்குன்னு சொன்னா. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பழைய கல்குவாரி. ஆழமா தண்ணி நிக்குது. ஆனா அங்க போக வழியில்ல. போலீஸ்காரர் வேலி நெடுக நடந்து பார்த்துட்டாரு. ஒரு இடத்துலயும் அறுக்கல, வளைக்கல. இருந்தாலும் ஏறிக் குதிச்சுப் பார்க்கலாமான்னு ஆம்பளைங்க பேசிக்கிட்டிருக்காங்க."

"இருங்க டீச்சர். ஒரு நிமிஷம். ஒருத்தன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

குவாரி வேலி. அது இதே பட்டறையில், இதே மெஷினில் பின்னியதுதான். போன மழைக்காலத்தில் போனது. கட்டியது அவள் தம்பியின் ஆட்கள்.

தம்பிக்குத் தொழிலில் 'குறடு' என்று பெயர். இடுப்பில் குறடு செருகாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவன் கல்யாணப் போட்டோவில்கூட அது லேசாக எட்டிப் பார்க்கும். இப்போது ஊருக்கு வெளியே ஒரு கிடங்குக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தான். போனை எடுத்தவன் சத்தமாகப் பேசினான். பின்னால் கலவை மெஷின் இரைந்தது.

"சொல்லுக்கா!"

"குவாரி வேலியில வாசல் கம்பி எங்க விட்டீங்க?"

வேலி கட்டுகிறவர்களுக்குள் இது ஒரு பழக்கம். சுற்றிலும் வேலி எழும்பிவிட்டால் உள்ளே போய்வர வழி வேண்டும். கேட் தூரத்தில் இருக்கும். அதனால் ஓர் ஒட்டுக்கம்பியை மட்டும் மடக்காமல் விட்டுவைப்பார்கள். வேண்டும்போது திருகித் திறந்து, சாமானோடு போய்வருவார்கள். வேலை முடிந்ததும் கடைசியாக வெளியே வருகிறவன் அதைத் திருகி மூடி, மேலும் கீழும் தலையை மடக்க வேண்டும். காகிதத்தில் எழுதாத சட்டம்.

"வரிசை வீட்டுக்குப் பின்னாடி. எதுக்குக்கா?"

"கடைசியா வெளியே வந்தது யாரு?"

"நான்தான்."

"மடக்கினியா?"

கலவை மெஷின் இரைந்தது. பிறகு தம்பி சிரித்தான்.

"என்னக்கா நீ. குறடுன்னு பேரே வெச்சிருக்காங்க, என்னைப் போய்க் கேக்குற. மடக்காமலா வருவேன்? மடக்கியாச்சு."

"நல்லா நினைவு வெச்சுச் சொல்லுடா. அந்தப் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணைக் காணோம்."

"... மடக்கிட்டேன்கா."

பெரியக்கா டீச்சரைக் கூப்பிட்டாள். "வேலி சரியாத்தான் இருக்காம். கட்டினவனையே கேட்டுட்டேன்."

அந்த ஒரு வாக்கியம் போனிலிருந்து டீச்சருக்கும், டீச்சரிடமிருந்து போலீஸ்காரருக்கும் போனது. வேலியில் ஏறலாமா என்று நின்றுகொண்டிருந்த ஆம்பளைகள் திரும்பிப் போனார்கள். யாரோ வெள்ளை வேன் ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதற்கு எண் முளைத்து, கடைசியில் ஒரு தாடிக்கார டிரைவரும் முளைத்து, தெருவே பெரிய சாலையைப் பார்த்து ஓடியது.

குவாரிப் பக்கம் ஈ காக்காய் இல்லை.

பெரியக்கா மெஷினுக்குத் திரும்பினாள். கம்பி சுழன்று வந்தது. நறுக். இன்னொன்று. நறுக். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கம்பி மட்டும் தலை மடக்காம நிக்குது.

ஆறு வயசுப் பிள்ளை பேயைக் கற்பனை செய்யும், ராஜாவைக் கற்பனை செய்யும். மடக்காத கம்பித் தலையைக் கற்பனை செய்யுமா?

அப்புறம் அந்தச் சிரிப்பு. தம்பியை, அவன் நாலு காலில் தவழ்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். உண்மை பேசும்போது அவன் எரிச்சல்படுவான். சிரிக்கமாட்டான்.

கை சிவப்புப் பொத்தானில் விழுந்தது. மெஷின் பாதிக் கம்பியில் முனகி நின்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "பெரியக்கா! பாதியில நிறுத்துறீங்க! கம்பி கோணிக்கும்!"

"கோணட்டும்."

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒரு கம்பியைப் பார்க்கணும்."

"இங்க மலை மாதிரி கிடக்கே, இதெல்லாம் பத்தலையா?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. வாசலில் நின்ற அவர் சைக்கிள்கூட இல்லை.

வரிசை வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் துணி காயப்போட ஒரு சந்து. சந்துக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் முட்புதர். அதற்கு அப்பால் வானம்; அதாவது, தரை அங்கே முடிந்துவிட்டது.

பின்வாசல் படியில் ஏன்பாப்பாவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். கையில் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. எல்லோரும் பெரிய சாலைக்குப் போயிருக்க, 'அவ திரும்பி வந்தா வீட்டுல ஆள் வேணும்' என்று இவளை இருக்கச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு ஒரு போலீஸ்காரர்.

"நான் வேலிப் பட்டறையிலேருந்து வரேன்."

அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அங்க வந்தாளா?"

"இல்லம்மா. வரல."

வெளிச்சம் போனது.

"நேத்துலேருந்து வேலிப் பக்கம் ஏதாவது வேலையா இருந்தாளா?"

"கோழிதான். மொட்டைவால்னு ஒண்ணு. முந்தாநாள் பறந்து அந்தப் பக்கம் போயிடுச்சு, திரும்பி வரத் தெரியல. கொண்டு வா, கொண்டு வான்னு உயிரை எடுத்தா. போனா போய்த் தொலையுது, வேற வாங்கலாம்னேன். 'அது ஏம்மா தனியா இருக்கணும்'னு கேட்டா. வேலைக்கு நேரமாச்சுன்னு பதில்கூடச் சொல்லல."

பெரியக்கா வேலியைப் பார்த்து நடந்தாள். போலீஸ்காரர் கூடவே வந்தார். தூங்காத கண்கள், அவருக்கும் வீட்டில் அந்த வயசுப் பிள்ளை இருக்கலாம்.

"முழுக்க நடந்து பார்த்துட்டேன்மா. ஒவ்வொரு இடமாப் பிடிச்சுக் குலுக்கினேன். அசையல."

"குலுக்கினா அசையாது சார்."

எல்லோரும் வேலியில் ஓட்டையைத் தேடுவார்கள். பெரியக்கா தலைகளைப் பார்த்தாள். கம்பித் தலைகள் வரிசையாகக் குனிந்து ஒன்றோடொன்று கை கோத்துக்கொண்டு போயின. குனிந்தவை, குனிந்தவை, குனிந்தவை.

ஒன்று நிமிர்ந்திருந்தது.

சாதாரணமாக நிமிரவில்லை. பக்கத்துத் தலைகளைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. கம்பி முழுதாகக் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். அவள் உட்கார்ந்து அடிப்பக்கம் பார்த்தாள். புல்லுக்குள் கடைசி இரண்டு கட்டங்கள் கோக்காமல் வாயைத் திறந்துகொண்டிருந்தன. மடிப்பும் மடிப்பும் உரசும் இடங்களில் மங்கிப்போன துத்தநாகம் புதுசாகத் தேய்ந்து மின்னியது.

யாரோ உட்பக்கத்திலிருந்து, சின்னக் கையால், முடிந்த வரைக்கும் திருகி மூடியிருக்கிறார்கள்.

கழட்டினா திரும்பத் திருகி மூடிடணும்.

பெரியக்கா கம்பியைப் பிடித்துத் திருகினாள். அவள் கைக்கு அது வெண்ணெய் மாதிரி ஏறியது. வேலி விலகியது. போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்து ஊதினார், இன்னொரு கையால் போனை அமுக்கினார், குனிந்து உள்ளே நுழைந்தார். எல்லாம் ஒரே மூச்சில்.

முட்புதருக்குள் கோழி கொக்கரித்தது. பின்னால் அம்மா ஓடிவரும் காலடி கேட்டது.

"நீங்க வராதீங்கம்மா, சரிவு இருக்கு!" என்றார் போலீஸ்காரர். அம்மா கேட்கிற நிலையில் இல்லை.

தரை முடிகிற இடத்தில் மண் புதுசாகச் சரிந்திருந்தது. மூவரும் படுத்து எட்டிப் பார்த்தார்கள்.

வெட்டிய பாறைச் சுவர். வெகு கீழே கறுப்புத் தண்ணீர். தண்ணீரை ஒட்டி ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு விளிம்பு. அதன்மேல் பாதியும் தண்ணீரில் பாதியுமாக நீல ஸ்வெட்டர்.

அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குவாரி அதைத் திருப்பிச் சொன்னது. நீல ஸ்வெட்டர் அசையவில்லை. தண்ணீர் மட்டும் லேசாக ஏறி அதன் தோளைத் தொட்டுவிட்டு இறங்கியது.

"ஃபயர் சர்வீஸ் வருது. யாரும் இறங்கக் கூடாது" என்றார் போலீஸ்காரர். "வழுக்கினா நேரே தண்ணிதான்."

அப்போது பின்னால் புதர் ஒடிந்தது. முழங்கால் வரைக்கும் சிமெண்ட் சேறோடு குறடு வந்து நின்றான். ஓடி வந்த ஓட்டத்தில் பேச்சு வரவில்லை. வேலியில் திறந்திருந்த வழியாகத்தான் வந்திருக்கிறான். அது எங்கே என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பெரியக்கா எழுந்தாள்.

"மடக்கினேன்னு சொன்னியேடா."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பைக்கிலிருந்து கொண்டுவந்த கயிற்றைப் பாறையோரம் நின்ற ஒரு மரத்தடியில் கட்டினான். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை அக்காதான் கட்டினாள். போலீஸ்காரர் தடுக்க வாயெடுத்து, தண்ணீரைப் பார்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

குறடு கயிற்றைப் பிடித்து இறங்கினான். கல் பெயர்ந்து தண்ணீரில் விழும் சத்தம். இன்னொரு கல். பிறகு கனமாக எதுவோ விழும் சத்தம். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

"மூச்சு இருக்கு!" கீழேயிருந்து குரல். அது அழுகையா கூச்சலா என்று தெரியவில்லை. "அக்கா, மூச்சு இருக்குக்கா!"

மேலே கொண்டுவர அவனால் முடியவில்லை. ஃபயர் சர்வீஸ் வண்டி வந்து, ஏணியும் ஸ்ட்ரெச்சரும் இறங்கும் வரைக்கும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிள்ளையின் தலை நனையாமல் ஏந்திக்கொண்டிருந்தான். மேலே வந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. ஏந்திய கையை மடக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாசனை. சுவரோரம் ஒரு நீளப் பெஞ்சு. குழல் விளக்கு ஒன்று எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். வயசு குறைவு, கெட்ட சேதி சொல்ல இன்னும் பழகாத முகம்.

"உயிருக்கு ஆபத்தில்லம்மா."

அம்மா சுவரில் சாய்ந்தாள்.

"ஆனா முதுகெலும்புல அடி. காலைத் தொட்டா அவளுக்குத் தெரியல. இப்பவே எதையும் முடிவாச் சொல்ல முடியாது. குளிர்ல, ஈரத்துல ரொம்ப நேரம் கிடந்திருக்கா. வீக்கம் அதிகமாயிடுச்சு. கொஞ்சம் சீக்கிரம் கொண்டு வந்திருந்தா..." வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

கொஞ்சம் சீக்கிரம். பெரியக்கா தரையைப் பார்த்தாள். டீச்சருக்கு அவள் சொன்ன வாக்கியம் அங்கேதான் கிடப்பது போல் இருந்தது.

அம்மா பெஞ்சுக்கு வந்தாள். போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த குறட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தம்பி, நீங்க யாரு பெத்த புள்ளையோ. எங்கிருந்தோ வந்து என் பொண்ணைத் தாங்கிப் பிடிச்சீங்க. நீங்க நல்லா இருக்கணும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும்."

குறடு கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

பெரியக்கா தம்பியைப் பார்த்தாள், அவ்வளவுதான். சின்ன வயசில் அவன் பலகாரம் திருடித் தின்றுவிட்டு நிற்கும்போது பார்த்த அதே பார்வை. அப்போதெல்லாம் அவனுக்காக அவள்தான் பொய் சொல்லித் தப்பவைப்பாள்.

"அக்கா..." என்றான் அவன், சின்னப் பையன் குரலில்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த வேலியைக் கட்டினது நான்தாங்க" என்றான் அம்மாவிடம்.

அவளுக்குப் புரியவில்லை.

"அந்தக் கம்பியோட தலையை மடக்கியிருக்கணும். நான் மடக்கல. மழை பிடிச்சுக்கிச்சு. நாளைக்கு வந்து மடக்கிக்கலாம்னு வந்துட்டேன். மறுநாள் வேற சைட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம்... அப்புறம் வரல."

அம்மாவின் கைகள் மெல்லக் கழன்றுகொண்டன.

"காலையில அக்கா போன் பண்ணிக் கேட்டாங்க. மடக்கிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"பயமா இருந்துச்சு. அப்புறம் இருக்க முடியல, கிளம்பி வந்தேன்."

வராந்தாவில் யாரோ ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது. அது திருப்பத்தில் மறைந்தது.

"கம்பியைத் திருகிக் காட்டினது நான்" என்றாள் பெரியக்கா. தம்பி மட்டும் தனியாக நிற்க அவளுக்கு மனசு கேட்கவில்லை; அதுவும் உண்மை. "அவ கேட்டா. காட்டிட்டேன்."

"தெரியும்." அம்மா அவளைப் பார்க்கவில்லை. "ராத்திரி பூரா போர்வையைத் திருகித் திருகிக் காட்டினா. அவ கேட்டதுக்கு முழுசா பதில் சொன்ன மொத ஆள் நீங்கதானாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அம்மா யாரு? கண்ணு திறந்துட்டா. பேசுறா. ஒருத்தர் வாங்க, அழக் கூடாது."

அம்மா எழுந்தாள். முகத்தை முந்தியால் அழுத்தித் துடைத்தாள். கதவு வரைக்கும் போனவள் நின்றாள்.

"நீயும் வா."

குறடு தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"உன்னைத்தான். கால் ஏம்மா அசையலன்னு கேப்பா. அவ விடமாட்டா, உனக்குத் தெரியாது அவளை. ஒண்ணு சொன்னா அதுக்கு மேல ஒண்ணு கேப்பா. என்கிட்ட பதில் இல்ல. நீ வந்து சொல்லு."

"நான் எப்படிங்க... சின்னப் புள்ளைகிட்ட..."

"சின்னப் புள்ளைக்குப் புரியற மாதிரி சொல்லு."

நர்ஸ் மறுக்கப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

குறடு எழுந்தான். போர்வை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை. உள்ளே போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பெரியக்கா இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. கூடப் போகவும் இல்லை.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம். ஏதோ ஒரு கருவியின் சீரான துடிப்பு. பிறகு கீச்சென்ற, தூக்கம் கலையாத ஒரு குரல் எதையோ கேட்டது. வார்த்தை காதில் விழவில்லை. கடைசியில் குரல் மேலே தூக்கி நின்றது மட்டும் கேட்டது.

பெரியக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பியின் குரல் வரவில்லை.

குழந்தை மறுபடியும் கேட்டது.